உண்போர் பிரதிநிதி

உணவு வழிகாட்டுக் குழுவில் மொத்தம் பதினான்கு நாற்காலிகள். பதின்மூன்றில் உணவை விற்பவர்களும் விற்பவர்களுக்கு வேண்டியவர்களும் உட்காருவார்கள். பதினான்காவதில் உணவைச் சாப்பிடுபவர் ஒருவர் உட்காருவார். அவருக்கு உண்போர் பிரதிநிதி என்று பெயர். சட்டத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது. யாரோ அரைத்தூக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு அந்தப் பதினான்கில் எதுவும் இல்லை. கதவோரம் ஒரு ஸ்டூல். நான் குழுவின் குறிப்பெழுத்தர். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எழுதி, தட்டச்சு செய்து, தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆறு வருடமாக இந்த வேலை. ஒருவரையொருவர் அடிக்கப் பாய்ந்தால் "விரிவான கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது" என்று எழுதுவேன். குறட்டை விட்டால் "ஆழ்ந்த கவனத்துடன் செவிமடுத்தார்" என்று எழுதுவேன். தலைவர் ஒருமுறைகூடப் படித்துப் பார்த்ததில்லை. "உன் கை தங்கமான கைப்பா" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

தலைவர் ஓய்வு பெற்ற மருத்துவர். எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கவில்லை. ஒன்பது கம்பெனிகளுக்கு ஆலோசகர், அவ்வளவுதான். அவருக்கு வலப்பக்கம் பானக் கம்பெனிக்காரர், இடப்பக்கம் சர்க்கரை ஆலைச் சங்கத்துக்காரர். எனக்குள் நான் அவர்களைப் பானத்தார், சர்க்கரையார் என்றுதான் கூப்பிடுவேன். எதிரில் ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியர். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தலையாட்டுவார்கள்.

இந்தக் குழு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு கையேடு போடும். மக்கள் எதைச் சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அதில் இருக்கும். மக்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் அரசுப் பள்ளிகளில் மதியம் தட்டில் என்ன விழுகிறது என்பதை அந்தக் கையேடுதான் தீர்மானிக்கும். போன கையேட்டில் "மதிய உணவோடு பழச்சுவை பானம் தரலாம்" என்று இருந்தது. அது கல்வி அலுவலகம் போய்ச் சேருவதற்குள் "தர வேண்டும்" ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டிலும் ஒரு பெட்டி. பழம் பெட்டியின் மேல் படமாக மட்டும் இருந்தது.

இந்த முறை உண்போர் பிரதிநிதியாக வந்தவர் ஒரு பள்ளிச் சமையல்காரர். நாற்பது வயது. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தினமும் சமைத்துப் போடுகிறவர். அதிகாரிகள் குலுக்கல் போட்டு அவரை எடுத்தார்கள். சமையல்காரப் பெண்தானே, பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்று நிம்மதியாக இருந்தார்கள். இதற்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். ஐந்து வருடமும் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

சமையலக்கா முதல் கூட்டத்திலேயே பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அடியில் கருஞ்சிவப்பாக ஏதோ கெட்டியாக இருந்தது.

"இது என்னம்மா?" என்றார் தலைவர்.

"நம்ம பள்ளிக்கூடத்துல கொடுக்குற பானம்ங்க. ஒரு பெட்டிய அப்படியே அடுப்புல வச்சுக் காய்ச்சினேன். தண்ணி எல்லாம் போனப்புறம் இதான் மிச்சம். வெறும் பாகு. அளந்து பாத்தேன், எட்டு ஸ்பூன் சர்க்கரை."

பாட்டில் கைமாறிக்கொண்டே போனது. சர்க்கரையார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்தார். "தரமான சர்க்கரை" என்றார் திருப்தியாக.

"போன மாசம் நர்ஸம்மா வந்து பிள்ளைங்களுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. பத்தொம்பது பேருக்குச் சர்க்கரை நோய். பெரியவங்களுக்கு வர்றதுங்க. எங்க ஹெச்செம் அம்மாகிட்ட நிறுத்துங்கன்னு கேட்டேன். கையேட்டுல இருக்கு, நான் எப்படி நிறுத்துவேன், எனக்குப் பேப்பர் வேணும்கிறாங்க. நான் பெருசா ஒண்ணும் கேக்கல. கையேட்டுல ஒரே ஒரு வரி போடுங்க. 'பிள்ளைகளுக்கு இனிப்பு பானம் கொடுக்காதீர்கள்.' அவ்வளவுதான்."

குழுவில் ஒரு மரபு உண்டு. ஒரு வரியில் எந்தப் பொருளைப் பற்றிச் சொல்லியிருக்கிறதோ, அந்தப் பொருளை விற்பவருக்கு அந்த வரியைத் திருத்திக் கொடுக்கும் உரிமை உண்டு. இதற்குப் "பாதிக்கப்படுவோர் குரல்" என்று பெயர். பாதிக்கப்படுவோர் என்றால் அந்தப் பானத்தைக் குடிப்பவர்கள் என்று நீங்கள் நினைக்கலாம். சமையலக்காவும் அப்படித்தான் நினைத்தார். அதனால் தலைவர் "பாதிக்கப்படுவோர் பேசலாம்" என்றதும் மறுபடி எழுந்து நின்றார். அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பானத்தார் எழுந்தார்.

"அம்மா, நானும் ஒரு தகப்பன்தான். பிள்ளைங்க சிரிச்ச முகமா இருக்கணும்னுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். ஆனா ஒரு அரசாங்கக் கையேடு தாய்மார்களைப் பார்த்துக் கொடுக்காதேன்னு அதட்டலாமா? ஒரு தாய்க்குத் தெரியாதா, தன் பிள்ளைக்கு என்ன கொடுக்கணும்னு? அவங்க சுதந்திரத்துல கை வைக்க நாம யாரு?"

"பள்ளிக்கூடத்துல தாய் எங்கங்க கொடுக்குறா? நான்தான் கொடுக்குறேன். எனக்குச் சுதந்திரம் இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?" என்றார் அக்கா.

பானத்தார் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், திருத்தத்தைத் தட்டச்சு செய்த தாளாகவே எடுத்துக் கொடுத்தார். அதில் முந்தின நாள் தேதி இருந்தது. "கொடுக்காதீர்கள்" என்பது "கவனித்துக் கொடுங்கள்" ஆகியிருந்தது. அடுத்துச் சர்க்கரையார் எழுந்து, "இனிப்பு" என்ற சொல் தன் சமூகத்தையே விரல் நீட்டிக் காட்டுவதாகச் சொன்னார். குரல் தழுதழுத்தது. அவர் மனம் புண்படக் கூடாது என்று அதைச் "சக்தி" என்று மாற்றினார்கள். மதிய இடைவேளைக்குள் வரி இப்படி ஆனது: "பிள்ளைகளுக்குச் சக்தி பானத்தைக் கவனித்துக் கொடுங்கள்."

"நான் கேட்டது இது இல்லீங்களே" என்றார் அக்கா.

"உங்க வரிதாம்மா. கொஞ்சம் மெருகேத்தியிருக்கோம்" என்றார் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள்.

உண்போர் பிரதிநிதியின் முன்மொழிவு மெருகேற்றப்பட்டு ஒருமனதாக வரவேற்கப்பட்டது என்று எழுதினேன்.

இடைவேளையில் அக்கா என் ஸ்டூல் பக்கம் வந்து நின்றார். தட்டில் கொடுத்த பிஸ்கட்டைத் தொடவில்லை.

"தம்பி, அந்தப் பத்தொம்பதுல ஒண்ணு என் பொண்ணு. பதினொரு வயசு. ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே என் சமையல்தான் சாப்பிடுறா. தினமும் என் கையாலதான் அவ தட்டுல அந்தப் பெட்டிய வச்சேன். காலைல ஊசி போட்டு அனுப்பிட்டு, மத்தியானம் நானே அத வைக்கிறேன்."

"அவளுக்கு மட்டும் வைக்காம விட்டுறலாமே அக்கா."

"விட்டுப் பாத்தேன். பக்கத்துல இருக்குறவ பெட்டிய வாங்கிக் குடிக்கிறா. குழந்தைதானே? நானூறு பேர் குடிக்கிறப்ப அவ மட்டும் வேடிக்கை பாப்பாளா? அதுவுமில்லாம மத்த பதினெட்டும் யாரு பெத்ததோதானா?"

நான் டீ கிளாஸைக் கையில் எடுத்தேன். எனக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கூட்டம் அறிவியலுக்காகக் கூட்டப்பட்டது. பேராசிரியர் திரையில் படம் போட்டுக் காட்டினார். அறுநூறு பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஆறு மாதம் ஆராய்ந்திருந்தார். ஒரு பிரிவுக்குத் தினமும் ஒரு பெட்டி பானம். மற்றொரு பிரிவுக்குத் தினமும் மூன்று பெட்டி. எல்லாப் பெட்டிகளையும் பானத்தார் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அறிவியலுக்கு உதவுவதில் அவருக்கு எப்போதும் ஆர்வம் உண்டு.

"முடிவு ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார் பேராசிரியர். "மூணு பெட்டி குடிச்சவங்களைவிட ஒரு பெட்டி குடிச்சவங்க எடையிலயும் சரி, ரத்தத்துலயும் சரி, பல்லுலயும் சரி, ரொம்ப ஆரோக்கியமா இருக்காங்க. அதாவது தினம் ஒரு பெட்டி ஆரோக்கியத்துக்கு நல்லதுன்னு நிரூபணம் ஆகியிருக்கு."

பதின்மூன்று பேரும் கைதட்டினார்கள். அக்கா கையைத் தூக்கினார்.

"ஒண்ணுமே குடிக்காத பிள்ளைங்க எப்படி இருந்தாங்க?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படிப்பட்ட பிள்ளைங்க கிடைக்கலம்மா. தேடினோம். ஆனா கையேட்டின்படி எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் கொடுக்குறாங்களே. கையேட்டை மீறி ஒரு பிள்ளைக்குக் கொடுக்காம இருக்குறது ஆராய்ச்சி ஒழுக்கத்துக்கு விரோதம்."

"மூணு பெட்டி கொடுக்குறது ஒழுக்கமா?"

"அது பெற்றோர் சம்மதத்தோட நடந்தது."

"சரிங்க. அந்த முந்நூறு பிள்ளைங்க இப்ப எப்படி இருக்காங்க?"

"ஆராய்ச்சி முடிஞ்சிருச்சேம்மா" என்றார் பேராசிரியர், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு. "முடிஞ்சப்புறம் பாக்குறது எங்க வரம்புல வராது."

அக்காவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ரெண்டு அடி வாங்கினவன் ஆறு அடி வாங்கினவனைவிட நல்லாத்தான் இருப்பான். அதுக்காக எல்லாரும் தினம் ரெண்டு அடி வாங்கணும்னு எழுதி வைப்பீங்களா?"

தலைவர் சிரித்தார். "உதாரணம் நல்லா இருக்கு. ஆனா அடி வேற துறை. நம்ம குழு உணவை மட்டும்தான் பாக்கும்."

ஆய்வு முடிவுகள் குறித்து உண்போர் பிரதிநிதி எழுப்பிய ஐயங்கள் தீர்க்கப்பட்டன என்று எழுதினேன். ஐயம் எதுவும் தீரவில்லை. தீர்ந்தது நேரம்தான். அன்றைக்கு வரியில் "நாள்தோறும் ஒரு பெட்டி" என்பதும் சேர்ந்துகொண்டது, அறிவியல்பூர்வமாக.

மூன்றாவது கூட்டத்தில் ஓட்டெடுப்பு. ஓட்டுக்கு முன்னால் எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். "இந்த முடிவால் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ நேரடிப் பாதிப்பு உண்டா?" என்று அதில் கேட்டிருக்கும். பக்கத்தில் இரண்டு கட்டங்கள், "உண்டு" என்று ஒன்று, "இல்லை" என்று ஒன்று. நிரப்பியபின் ஒவ்வொருவராக எழுந்து படிக்க வேண்டும். இதை அவர்கள் மிகவும் பயபக்தியோடு செய்வார்கள்.

பானத்தார் எழுந்தார். "லாபம் எல்லாம் கம்பெனிக்குப் போகுது. எனக்கு வர்றது சம்பளம் மட்டும்தான். ஆகவே, இல்லை."

சர்க்கரையார் எழுந்தார். "ஆலை என் மச்சான் பேர்ல இருக்கு. மச்சான் குடும்பம் தனிக் குடும்பம். ஆகவே, இல்லை."

தலைவர் உட்கார்ந்தபடியே சொன்னார். "நான் ஒன்பது கம்பெனிக்கு ஆலோசகர்ங்கிறது எல்லாருக்கும் தெரியும். ஒன்பது பக்கமும் சமமா இழுத்தா ஒருத்தன் நேராத்தானே நிப்பான்? ஆகவே, இல்லை."

படிவங்களை வாங்கிக்கொண்டு வந்த நான் அக்கா அருகில் நின்றேன். அவர் "உண்டு" கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் மகளுக்குச் சர்க்கரை நோய் என்றும் எழுதியிருந்தார். ஆறு வருடத்தில் அந்தக் கட்டத்தில் மை பட்டு நான் பார்த்ததில்லை.

"அக்கா, மாத்திப் போடுங்க" என்றேன் மெதுவாக. "இங்க எல்லாரும் இல்லைன்னுதான் போடுவாங்க."

"எப்படித் தம்பி போடுவேன்? பொண்ணுக்கு ஊசி போட்டுட்டு வர்றேன். பாதிப்பு இல்லைன்னு கையெழுத்துப் போடச் சொல்றியா?"

படிவத்தைப் பார்த்ததும் தலைவர் ஆடிப்போய்விட்டார். அதைச் சர்க்கரையாரிடம் காட்டினார். சர்க்கரையார் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"அம்மா, உங்க பொண்ணுக்குச் சர்க்கரை நோய்ங்கிறதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்களா?"

"அதில்லம்மா. நீங்க இந்த விஷயத்துல நேரடியா சம்பந்தப்பட்டவங்க. உங்களுக்கு ஒரு சொந்த நோக்கம் இருக்கு. இங்க இருக்குற பதின்மூணு பேரும் எந்தச் சொந்த நோக்கமும் இல்லாம நாட்டுக்காக உக்காந்திருக்கோம். இதுல நீங்க ஓட்டுப் போட்டா நடுநிலை என்னாகும்?"

"பிள்ளைக்கு நோய் வந்தா சொந்த நோக்கம். பானத்தை வித்தா நாட்டு நோக்கமா?"

"கோபப்படாதீங்க. இது உங்களைப் பத்தின முடிவு இல்ல. விதி."

அவரை வெளியே போய் உட்காரச் சொன்னார்கள். பதின்மூன்றுக்குப் பூஜ்யம் என்று தீர்மானம் நிறைவேறியது. அவர் கொண்டுவந்த ஒரே வரி கடைசியில் இப்படி நின்றது: "வளரும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு பெட்டி சக்தி பானத்தைக் கவனித்துக் கொடுங்கள், முழுவதும் குடிப்பதை உறுதி செய்யுங்கள்." கீழே சின்ன எழுத்தில், முன்மொழிந்தவர்: உண்போர் பிரதிநிதி.

நான் கூட்டக் குறிப்புத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேட்டு வாங்கிப் படித்தார்.

"'நடுநிலை காக்கும் பொருட்டுத் தாமாகவே வெளியேறினார்.' யாரு தம்பி, நானா? நான் தாமாவா வந்தேன்?"

"அது... எழுதுற முறைக்கா."

"என் பொண்ணு உன் பொண்ணா இருந்தாலும் இந்த முறையிலதான் எழுதுவியா?"

நான் தாளை வாங்கிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினேன். "தங்கமான கைப்பா" என்றார் தலைவர்.

கையேடு அச்சாகி வந்தது. அது பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த அன்றே அக்கா பெட்டிகளை எல்லாம் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகளுக்குத் தம்ளரில் தண்ணீர் வைத்தார். பதினோரு நாள் இப்படி நடந்தது. பன்னிரண்டாம் நாள் மேற்பார்வையாளர் வந்து, தண்ணீர்த் தம்ளர்களைப் பல கோணங்களில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். குற்றச்சாட்டுத் தயாரானது: நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஊட்டம் மறுத்தல். கையேட்டை மீறியதால் விசாரிக்கும் பொறுப்பும் குழுவுக்கே வந்தது.

விசாரணைக்கு அவர் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் அதைப் பிரித்து, மேஜையைச் சுற்றி வந்து, பதின்மூன்று பேர் முன்னாலும் ஆளுக்கொரு பானப் பெட்டியை வைத்தார். ஸ்ட்ராவைக்கூடச் செருகி வைத்தார், தினமும் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்கிறவர் ஆயிற்றே.

"எல்லாரும் குடிங்க. முழுசும் குடிக்கிறத நான் உறுதி செய்யணுமாம். குடிச்சு முடிச்சிட்டு என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க."

தலைவர் சிரித்துக்கொண்டே தன் பெட்டியை நகர்த்தினார். "எனக்குச் சர்க்கரை இருக்கும்மா. இதையெல்லாம் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நீங்க குடிங்க சார்" என்றார் அக்கா பானத்தாரிடம்.

"எனக்குப் பழக்கமில்லம்மா. எங்க வீட்டுல யாருமே குடிக்க மாட்டாங்க. பிள்ளைங்களுக்கும் கண்ணுல காட்டுறதில்ல."

பேராசிரியர் தனக்குப் பல் கூச்சம் என்றார். சர்க்கரையார் தனக்கு வயிறு உப்பிக்கொள்ளும் என்றார். ஒருவர் விரதம் என்றார். ஒவ்வொரு பெட்டியாக மேஜை நடுவில் வந்து சேர்ந்தது. பதின்மூன்றும்.

அக்கா அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கத்தினார். அவர் கத்தியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "உங்களுக்குச் சொல்ல டாக்டர் இருக்கார்! என் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா? அதுங்களுக்கு நீங்கதான்டா டாக்டர்! உங்க வாய்க்கு ஆகாதத எதுக்குடா அதுங்க வாயில ஊத்துறீங்க?"

நாகரிகம் இல்லாத பேச்சு என்று எல்லோரும் வருந்தினார்கள். குற்றம் நிரூபணமானதாக முடிவு செய்து அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறகு வெறும் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

அன்று குறிப்பு எழுத உட்கார்ந்தபோது, வழக்கமான வாக்கியங்கள் கைக்கு வந்து நின்றன. "உறுப்பினர்கள் அன்புடன் மறுத்தனர்." "சூடான, பயனுள்ள விவாதம்." ஆறு வருடமாக நான் எழுதிய எல்லா வாக்கியங்கள்மீதும் எனக்கு அருவருப்பாக இருந்தது. யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே எழுதினேன். டாக்டர் தொடக்கூடாது என்றதை, கண்ணில் காட்டுவதில்லை என்றதை, பல் கூச்சத்தை, வயிற்று உப்புசத்தை. பேச்சுவழக்கைக்கூடத் திருத்தவில்லை. மறுநாள் காலை தலைவர் வழக்கம்போல் படிக்காமல் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். தங்கமான கை என்றும் சொன்னார்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணைக் குறிப்பின் நகல் ஒன்று கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் விதிப்படி நடந்தேன். அக்கா அதைப் பள்ளி எதிரில் இருந்த நகலெடுக்கும் கடையில் கொடுத்து, சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் கையிலெல்லாம் ஒன்று கொடுத்தார். பஸ் ஓட்டும் ஒரு தகப்பன் கேட் பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்துக் காட்டினாராம். மறுநாள் காலை "என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்ட சீட்டுகள் தலைமையாசிரியையின் மேஜையில் குவிந்தன. பேப்பர் இல்லாமல்தான் இத்தனை நாள் அவர் தவித்தார். இப்போது வேண்டிய மட்டும் பேப்பர் இருந்தது. அந்தப் பள்ளியில் பானம் நின்றது.

குழு அவசரமாகக் கூடி, கூட்டக் குறிப்புகளை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. பானத்தைப் பற்றிப் பேச அன்று நேரமில்லை. எனக்கும் ஒரு குறிப்பாணை வந்தது. குற்றம் ஒரே வரி: "கூட்டத்தில் பேசப்பட்டதைப் பேசப்பட்டபடியே பதிவு செய்தது." பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். ஆமாம், செய்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா இப்போது ஒரு தொழிற்சாலை உணவகத்தில் பாத்திரம் துலக்குகிறார். சமைக்க விடுவதில்லை, ஊட்டம் மறுத்தவர் அல்லவா. மகளுக்குக் காலையில் ஊசி தொடர்கிறது. மதியம் அவள் தட்டில் பெட்டி இல்லை, பக்கத்துத் தட்டிலும் இல்லை. போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். "மத்த பள்ளிக்கூடத்துல நிறுத்திட்டாங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மற்ற எல்லாப் பள்ளிகளிலும் நாளை மதியம் தட்டுக்கு ஒரு பெட்டி வைப்பார்கள். முழுவதும் குடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.